ரயில் கேட்டுக் கிடைத்த பஸ்

எங்கள் குடியிருப்புக்கு எதிரே, சாலையின் நடுத்திட்டில், நேற்றுக் காலையில் ஒரு துளை போடும் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மெட்ரோ ரயிலுக்கு மண் பரிசோதனையாம். பல் தேய்த்துக்கொண்டே பால்கனிக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கடகடவென்று குழாய் இறங்க இறங்க, அடியிலிருந்து செம்மண் குழம்பாகப் பொங்கி வந்தது. டீசலும் நனைந்த செம்மண்ணும் கலந்த மணம் ஐந்தாவது மாடிவரை ஏறியது. நல்ல மணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கோ நெஞ்சு குதித்தது.

கீழே போனால் திருவிழாக் கூட்டம். இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர், கையில் பால் பாக்கெட்டோடு, இனி கிழக்கேகோட்டைக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு குளிர்ந்த காற்றில் திரும்பி வரலாம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தரைத்தள வீட்டுக்காரர், தூசி முழுக்கத் தன் வீட்டுக்குத்தான் வரும், ஜன்னலையே திறக்க முடியாது என்றார். சொல்லிவிட்டு அவரும் போகாமல் நின்று வேடிக்கை பார்த்தார். லிஃப்ட்டில் எப்போதும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு நிற்கும் பையன் ஒருவன் அதைக் கழற்றிவிட்டு, "பொளியல்லே ஆன்ட்டி!" என்றான். அட்டகாசம் என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

ரயில் வருவதற்கு முன்னாலேயே அக்கம்பக்கத்தாரைப் பேச வைத்துவிடும். இது எனக்கு முன்பே தெரியும். ஏனென்றால் இதே கழக்கூட்டத்தில், எனக்கு முதல் வேலை கிடைத்த நாட்களில், ஒரு தடவை ரயில் வந்தது. வந்தது என்றால் வரவில்லை. வரப்போகிறது என்று பேச்சு வந்தது. அந்தப் பேச்சுக்கே நாங்கள் அத்தனை பேரும் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டோம்.

நான் பிறந்து வளர்ந்தது ஸ்ரீவராகத்தில். அக்ரஹாரத் தெரு, எந்த வீட்டிலிருந்து இறங்கினாலும் கோயில் பக்கம். வேலை கிடைத்ததோ கழக்கூட்டத்து ஐ.டி. பார்க்கில். இரண்டும் ஒரே ஊர்தான், கேரளத் தலைநகர். வரைபடத்தில் பார்த்தால் விரல் நீளம். ஆனால் கிழக்கேகோட்டைக்கு நடந்து, அங்கே பஸ்ஸுக்குக் காத்து, ஒற்றைக் கால் வைக்க இடம் பிடித்து, ஊரையே ஒரு சுற்று பார்த்துவிட்டு ஆபீஸ் போய்ச் சேரும்போது, வேலை பார்த்து முடித்த களைப்பு முகத்தில் இருக்கும். ஒரு மாதம் பார்த்தார் அப்பா. அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் யோசித்துத்தான் சொல்வார். "அவ அங்கேயே எங்கேயாவது நல்ல மனுஷா ஆத்துல தங்கிக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வரட்டும்" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன், மரியாதைக்கு.

உள்ளுக்குள் எனக்கு எப்படி இருந்தது என்று உங்களிடம் சொல்வதற்கென்ன? சிறகு முளைத்ததுபோல இருந்தது. முதல் சில வாரம் ஞாயிறுதோறும் வீட்டுக்குப் போனேன். பிறகு துணி துவைக்க வேண்டியிருந்தது, தோழியின் பிறந்தநாள் வந்தது, தூக்கம் வந்தது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு என்று ஆயிற்று. அப்பா தொலைபேசியில் கேட்டால் ஒரே பதில்: "பஸ் கிடைக்கல்லைப்பா." அந்தக் காலத்துக் கழக்கூட்டத்தில் இதை யாரும் சந்தேகப்பட முடியாது.

நான் தங்கியிருந்தது எஸ்தர் அக்கா வீட்டு மாடியில். நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், மூன்றாவது வீடு. கீழே அக்காவும் அவர் கணவர் பொன்னையன் அண்ணனும். மாடியில் நாங்கள் ஆறேழு பெண்கள். பகலும் இரவும் அக்கா கையால் சாப்பாடு. இருவரும் பாறசாலைப் பக்கத்துக்காரர்கள், சபைக்குப் போகிறவர்கள், எல்லைப்புறத்துத் தமிழ் பேசுகிறவர்கள். "உனக்குன்னு தனிச் சட்டி வச்சிருக்கேன் மக்ளே, மீன் மணம் அண்டாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அண்டியது. ஒரு மாதத்தில் அந்த மணம் வந்தால்தான் எனக்குப் பசிக்கத் தொடங்கியது. இதை ஸ்ரீவராகத்தில் நான் சொல்லவில்லை.

அக்கா பாடுவார். சும்மா முணுமுணுப்பது இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஊர்ச் சபையின் பாடகர் குழுவில் அவரும் அவர் தங்கை லில்லியும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பாடினவர்கள். லில்லி மேல் குரல், அக்கா கீழ்க் குரல். குழுவின் ஒத்திகை சனிக்கிழமை மதியம். மெஸ் ஆரம்பித்த பிறகு அக்காவால் போக முடியவில்லை. மதியச் சாப்பாடு முடித்துப் புறப்பட்டால் ராத்திரிச் சப்பாத்திக்குத் திரும்பி வந்தாக வேண்டும். நெடுஞ்சாலையில் வரும் பஸ்களோ ஏற்கெனவே நிரம்பித்தான் வரும், பாதி நிற்காது. நின்றாலும் அக்காவின் முதுகுக்கு அவ்வளவு தூரம் நின்றுகொண்டு போவது ஆகாத காரியம். மாவு பிசையும்போது கீழ்க் குரலை மட்டும் தனியாகப் பாடுவார். பாதிப் பாட்டு கேட்பதுபோல இருக்கும். இடையிடையே நிறுத்துவார். அந்த இடமெல்லாம் லில்லியினுடையது.

சந்து முனையில் சுகுமாரன் சேட்டனின் டீக்கடை. ஒரு காலை, நான் ஆபீஸுக்குக் கிளம்பி வரும்போது, அவர் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சாலையில் நின்று கத்தினார்: "டிரெயின் வருன்னு! நம்முடெ முக்கில் தன்னே ஸ்டேஷன்!" பேப்பரில் அப்படி எதுவும் இல்லை. நகரத்துக்கு மேலே ஓடும் ரயில் ஒன்று விடலாமா என்று யோசிக்கிறார்கள் என்று இருந்தது. எங்கள் சந்து முக்கிலேயே ஸ்டேஷன் என்பது சேட்டன் சேர்த்துக்கொண்டது. அதனால் என்ன? ராத்திரிக்குள் சந்து முழுக்க அதை நம்பியாயிற்று.

அன்று எஸ்தர் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அமர்க்களம். பொன்னையன் அண்ணன் சாம்பார்க் கரண்டியால் சுவரைக் காட்டி, "இதுக்கு மேல ரெண்டு மாடி ஏத்துதேன். ஒவ்வொண்ணுலயும் பத்துப் பிள்ளைகளாக்கும்" என்றார். "அத்தனை பேருக்குச் சப்பாத்தி யாரு, நீங்களா உருட்டுவீங்க?" என்றார் அக்கா. டீ குடிக்க வந்து சாப்பாட்டுக்கே உட்கார்ந்துவிட்ட சேட்டன், ஸ்டேஷன் படிக்கட்டு சரியாகத் தன் கடை வாசலில் இறங்கும், இரண்டாவது பாய்லர் வாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். என் அறைத்தோழி ஷைனி, ஆபீஸ் விட்டதும் சங்குமுகம் கடற்கரைக்குப் போய்ச் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு எட்டு மணிச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்றாள். எல்லோரும் சொல்லி முடித்த பிறகுதான் அக்கா வாய் திறந்தார்.

"சனிக்கிழமை ஒத்திகைக்குப் போயிட்டு, பொழுது அடையதுக்குள்ள வந்துரலாம் இல்லியா?"

அவர் முகத்தில் அப்படி ஒரு ஆசை இருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில், "பின்னே! தாராளமா!" என்று கத்தினோம்.

நானும்தான் கத்தினேன். ஆனால் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்தது. ரயில் வந்துவிட்டால், பஸ் கிடைக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அப்புறம் இந்த மாடி எதற்கு, ஷைனி எதற்கு, இந்த மீன் மணம்தான் எதற்கு? அந்தச் சந்திலேயே, ரயில் கொஞ்சம் மெதுவாக வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான்.

இரண்டு வாரம் கழித்து, சந்துக்குள் மூன்று பேர் முக்காலியும் நாடாவும் கொண்டுவந்து அளக்க ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான், யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. சேட்டன் காசு வாங்காமல் டீ கொடுத்தார். பொன்னையன் அண்ணன் இளநீர் வெட்டினார். எதிர்வீட்டுக்காரர் தன் மதில் கொஞ்சம் இடிபட்டாலும் பரவாயில்லை, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஓரடி நிலத்துக்குப் பக்கத்து வீட்டோடு பேச்சை நிறுத்தியிருந்தவர் அவர். வந்தவர்கள் பாவம், இப்படி ஒரு வரவேற்பை எங்கேயும் கண்டதில்லை. மிரண்டுபோய், கொடுத்ததையெல்லாம் குடித்தார்கள். ஸ்டேஷன் எந்தப் பக்கம் வரும் என்று அண்ணன் கேட்டபோதுதான் அவர்களில் மூத்தவர் விழித்தார். "ஏது ஸ்டேஷன்? இது வெள்ளத்தின்றெ பைப்பாணு" என்றார்.

தண்ணீர்க் குழாய். அதற்குத்தான் அளந்திருக்கிறார்கள்.

மறு வாரமே தோண்டினார்கள். சந்து முழுக்கச் செம்மண் சேறு. டீசல் பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. நேற்று பால்கனியில் எனக்கு வந்த மணம் அதுதான். அந்தச் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ் போனோம். எல்லோருக்கும் சிரிப்பும் வெட்கமும். சேட்டன் இரண்டு நாள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் அதற்குள் ஒரு விஷயம் நடந்துவிட்டிருந்தது. அதுவரை ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமல் இருந்த வீட்டுக்காரர்கள், தினமும் டீக்கடையில் கூடிப் பேசிப் பழகிவிட்டார்கள். ரயில் போன பிறகும் கூட்டம் கலையவில்லை. பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

எஸ்தர் அக்காதான் அதற்கு விஷயம் கொடுத்தார். சேற்றைத் தாண்டிப் பால் வாங்க வந்தவர், பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ரயிலு வரும்போ வரட்டு. இப்போ ஒரு பஸ்ஸு கேப்போமே. நம்ம முக்குல இருந்தே பொறப்படுற மாதிரி ஒரு பஸ்ஸு. உக்காந்துக்கிட்டுப் போலாம்லா?"

போக்குவரத்துக் கழக அலுவலகத்துக்குப் பதினைந்து பேராகப் போனோம். அதிகாரியின் அறையில் இடமில்லாமல் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். பொன்னையன் அண்ணன் கழக்கூட்டத்தின் வளர்ச்சியைப் பற்றித் தொடங்கினார். சேட்டன் நாட்டின் எதிர்காலத்துக்குப் போனார். அதிகாரி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் அக்கா புகுந்தார். அவருக்கு மலையாளம் நன்றாக வரும். பதற்றத்தில் தமிழ்தான் வந்தது.

"சார், எனக்குப் பாட்டுப் படிக்கப் போணும். சனிக்கிழமை மதியம் ஒரு பஸ்ஸு தம்பானூர் ஸ்டாண்டுக்கு, அங்கேருந்து பாறசாலைக்கு வேற பஸ்ஸு உண்டு. சாயங்காலம் ஒண்ணு திரும்பி. அவ்வளவு மதி. வேற ஒண்ணும் வேண்டாம்."

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன பாட்டு என்று கேட்டார். அக்கா சொன்னார். எத்தனை வருடமாகப் பாடவில்லை என்று கேட்டார். அக்கா புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றார். அந்த மனிதர் வேறு எதுவும் கேட்கவில்லை. பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார். வெளியே வந்ததும் அண்ணன், "அவ்வளவு பெரிய ஆபீஸருகிட்டப் பாட்டுப் படிக்கணும்னா சொல்லுவே?" என்று பல்லைக் கடித்தார்.

பஸ் வந்தது. குழாய் போட்டு மண் மூடிய பிறகு, சோதனை ஓட்டம் என்று சொல்லி, சந்து முனையிலிருந்து தம்பானூருக்குத் தினம் இரண்டு நடை. முதல் ஓட்டம் சனிக்கிழமை மதியம் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பூத்துக்கு ஓடி வீட்டுக்கு ஃபோன் போட்டேன். "அப்பா, எங்க ஆத்து முனைக்கே பஸ் வரதுப்பா! தம்பானூர்லேந்து நேரா! சனிக்கிழமை சாயங்காலம் திரும்பி வரும்!" என்று மூச்சு வாங்கச் சொன்னேன். வைத்த பிறகுதான் உறைத்தது. என் கையாலேயே என் கதவைத் திறந்துவிட்டிருந்தேன். வாய் சும்மா இருந்தால்தானே!

சனிக்கிழமை. பஸ்ஸின் முகப்பில் மாலை. சேட்டன் கடையை அடைத்துவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். தம்பானூர் போய் வேறொருவர் கடையில் டீ குடித்துவிட்டு அப்படியே திரும்புவதாக ஏற்பாடு. ஏறியவர்களில் பாதிப் பேருக்குத் தம்பானூரில் எந்த வேலையும் இல்லை. எஸ்தர் அக்கா வெள்ளைப் புடவையில், தலையில் ஈரம் காயாமல், ஜன்னலோரம். அவருக்கென்று எல்லோரும் ஒதுக்கிய இடம் அது. "மாவு பெசஞ்சு வச்சிருக்கேன், துணி போட்டு மூடியிருக்கு. நான் வரலைன்னா நீங்க உருட்டிக்கணும்" என்று எங்களுக்கு ஜன்னல் வழியாக உத்தரவு. பஸ் நகர்ந்தது. நாங்கள் கை தட்டினோம். ஒரு நகரப் பேருந்துக்குக் கை தட்டிய கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள்.

சாயங்காலம் நாங்கள் அத்தனை பெண்களும் முனையில் காத்து நின்றோம். அக்கா வருவாரா, பஸ்ஸைத் தவறவிட்டிருப்பாரா? பொன்னையன் அண்ணன் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார். ஒரு சப்பாத்தி உருட்டிப் பார்த்திருக்கிறார். கேரளத்தின் வரைபடம்போல வந்ததாம். இருட்டத் தொடங்கும் நேரத்தில் விளக்குப் போட்டுக்கொண்டு பஸ் திரும்பியது. முதலில் சிலர் இறங்கினார்கள். பிறகு அக்கா இறங்கினார். முகம் அப்படியே மலர்ந்திருந்தது. இறங்கியவர் எங்களைப் பார்க்காமல், திரும்பிப் பஸ்ஸுக்குள் பார்த்து, "பைய எறங்குங்க சார், படி உயரமாக்கும்" என்றார்.

அப்பா இறங்கினார். கையில் அம்மா கொடுத்தனுப்பிய தூக்கு.

தம்பானூரில் கண்டக்டரிடம், இந்தச் சந்துக்குத்தானே போகிறது என்று மூன்று தடவை கேட்டிருக்கிறார். பாறசாலையிலிருந்து வந்து ஏறிய அக்கா அந்தத் தமிழைக் கேட்டதும், யார் என்று புரிந்துகொண்டு, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். வழி முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அப்பா என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை: "இவா தங்கையும் இவாளும் இன்னிக்குச் சேர்ந்து பாடினாளாம், கேட்டியோ?"

கீழே கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தார். ஸ்ரீவராகத்தில் சொந்தக்காரர் வீட்டிலேயே யோசித்துக் குடிக்கிறவர். "நன்னா இருக்கு" என்றார். சுற்றிப் பார்த்தார். பிறகு, நான் பயந்த கேள்வி வந்தது. "பஸ் நேரா இங்கேயே வரதே. இனி நோக்கு எதுக்கு இங்கே தாமசம்?" எங்கள் பக்கத்தில் தாமசம் என்றால் குடியிருப்பு, தாமதம் இல்லை. அடுப்படியிலிருந்து மாவுக் கையோடு அக்கா எட்டிப் பார்த்தார்.

"காலையில அவளுக்கு ஆகிற பஸ்ஸு இல்ல சார். பிள்ளை இங்க இருக்கட்டும். பஸ்ஸுதான் வந்தாச்சே, நீங்க சனிக்கிழமை சனிக்கிழமை வாருங்க. நானும் அந்தப் பஸ்ஸுலதான் வருவேன், துணையாச்சு."

அப்பா தூக்கின் மூடியைத் திறந்து மூடினார். "அதுவும் செரிதான்" என்றார்.

அன்று அக்கா சப்பாத்தி உருட்டும்போது முழுப் பாட்டையும் பாடினார். நிறுத்தும் இடங்களில் லில்லியின் வரிகளையும் அவரே பாடினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு விரலால் முட்டியில் தாளம் போட்டதை ஷைனி எனக்கு ஜாடை காட்டினாள்.

அப்பா வந்தார். மழையானாலும் வந்தார். சாப்பிட்டுவிட்டு நெடுஞ்சாலையில் கடைசி பஸ்களில் ஒன்றைப் பிடித்துப் போவார். அந்த நேரத்தில் இடம் கிடைக்கும். அவரோடு நின்று காத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நான் அப்பாவோடு பேசினேன் என்று சொல்ல வேண்டும். ஸ்ரீவராகத்தில் அவர் அப்பா, நான் பெண். இங்கே வேலைக்குப் போய்வந்த இரண்டு பேர். தன் முதல் மேலதிகாரியைப் பற்றி, இளவயதில் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டுக் கிடைக்காமல் போனதைப் பற்றி, தனியாக ஒரு அறை எடுத்துத் தங்க ஆசைப்பட்டதைப் பற்றி எல்லாம் சொன்னார். "நோக்காவது கெடைச்சுதே" என்றார் ஒரு நாள், சாலையைப் பார்த்துக்கொண்டு. என் ஞாயிற்றுக்கிழமைப் பொய்கள் அத்தனையும் அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கின்றன.

நேற்று அந்த இயந்திரத்தைப் படம் பிடித்து எஸ்தர் அக்காவுக்கு அனுப்பினேன். இப்போது அவர் பாறசாலையில், லில்லியின் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில். உடனே கூப்பிட்டார். "நெசமாவா மக்ளே? இந்தத் தடவ பைப்பு இல்லியே?" இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் பேச முடியவில்லை. "எறங்குனா உன் வீடு எவ்வளவு தூரம்? லிஃப்ட்டு வச்சிருப்பாவளா? லில்லியையும் கூட்டிட்டு வாறேன். என்னைக்கு ஓடும்னு மொதல்ல கேட்டுச் சொல்லு." ஓட இன்னும் வருஷங்கள் ஆகும் என்றேன். ஆகட்டும், அதுவரை இருப்பேன் என்றார் அக்கா. இருப்பார். எனக்கும் அந்த முதல் நாள் டிக்கெட் வேண்டும். கை தட்ட ஆள் சேர்க்க வேண்டும். லிஃப்ட் பையனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

மாலையில் ஒரு யோசனை வந்தது. பழைய சந்து முனையையும் ஒரு படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பலாம் என்று நடந்தேன். பக்கம்தான், பத்து நிமிடம். பஸ் சில வருடம் ஓடியது. பிறகு ஆளுக்கொரு ஸ்கூட்டர் வந்தது, கம்பெனி வண்டிகள் வந்தன, சீட்டுகள் காலியாகின, ஒரு நாள் நின்றுபோனது. அண்ணன் போய்ச் சேர்ந்தார். சாலையை அகலப்படுத்தியபோது அக்காவின் வீட்டோடு அந்த வரிசையே போயிற்று. டீக்கடை இருந்த இடத்தில் மேம்பாலத்துக்கு ஏறும் சரிவு. சேட்டன் மகனோடு வெளிநாடு போனார் என்று யாரோ சொன்னார்கள். சந்து தொடங்கிய இடம் எது என்று தெரியாமல் மேலும் கீழும் நடந்தேன். பைக்குகள் வரிசையாக நிற்கும் ஒரு இடத்தில், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், இங்கே முன்பு ஒரு சந்து இருந்ததா என்று கேட்டேன். அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, "அறியில்ல சேச்சி" என்றாள்.

அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். அப்பா போய் எட்டு வருடம் ஆகிறது. அவர் சனிக்கிழமைதோறும் தூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கிய இடம் இந்தச் சரிவுக்கும் அந்த மேம்பாலத் தூணுக்கும் நடுவில்தான் எங்கேயோ இருக்க வேண்டும். எந்தப் பக்கம் பார்த்து எடுப்பது என்று தெரியாமல், கேமராவை மூடிவிட்டு வந்துவிட்டேன்.